மேலே தொட்டி, கீழே சுவிட்சு

தினமும் காலையில் மாடியிலிருந்து இறங்கும் குழாயில் டங், டங், டங் என்று சத்தம் வரும். கீழே அம்மா கைவேலையைப் போட்டுவிட்டுப் போய் மோட்டாரை அணைப்பாள். மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். தொட்டி அப்பா இருக்கும் மாடியில். சுவிட்சு அம்மா இருக்கும் கீழ்வீட்டில். தொட்டி நிரம்பியதும் அப்பா கரண்டியால் குழாயைத் தட்டுவார். இருவருக்கும் இடையில் மிஞ்சிய பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

அப்பா பேருந்து ஓட்டினார். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்தாள். மகள் சிறுமியாக இருந்தபோது ஏதோ ஒரு சண்டையில் அப்பாவின் வாய் நீண்டது. அம்மா அவருடைய பாயையும் தலையணையையும் மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

கணக்கெடுக்க வந்தவர் ஒருமுறை கேட்டார். "இந்த வீட்ல எத்தனை குடும்பம்மா?"

"ஒண்ணு."

"அப்ப மாடியில?"

"மாடியில தண்ணித் தொட்டி இருக்கு சார்."

மேலேயிருந்து இருமல் கேட்டது. "தொட்டி இருமுதேம்மா," என்றார் வந்தவர்.

அம்மாவின் முகத்தில் அசைவே இல்லை. "அதுக்கு ரொம்ப நாளா சளி."

மகள்தான் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. கல்லூரியில் கூட்டுக் குடும்பம், தனிக் குடும்பம் என்று வகை பிரித்துப் படித்தபோது, தன் வீட்டை எதில் சேர்ப்பது என்று விழித்தாள். முறிந்துபோன குடும்பம் என்று தானே ஒரு முடிவு கட்டிக்கொண்டாள். வேலை கிடைத்ததும், அம்மா ஓடி ஓடி அணைக்க வேண்டாமே என்று, தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியை வாங்கிப் பொருத்தினாள். அதன் ஒயரைத் தொட்டியில் இறக்கும்போது அப்பா கூடவே நின்று பார்த்தார்.

மறுநாள் மோட்டார் தானாக நின்றது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் குழாயையே பார்த்தபடி நின்றாள். மகள் மாடியை அண்ணாந்து பார்த்தாள். இருந்த ஒரு நூலையும் அறுத்துவிட்டோமோ?

டங், டங், டங்.

அம்மா விறுவிறுவென்று போய், நின்றுபோன மோட்டாரின் சுவிட்சை அணைத்தாள்.

"அதான் தானா நின்னுடுச்சேம்மா."

"அது நின்னா என்ன? சொல்றவர் சொல்றாரில்ல."

தான் படித்த எந்த வகையிலும் அடங்காத ஒன்றை மகள் இத்தனை வருடம் வெறும் குழாய்ச் சத்தம் என்று நினைத்திருந்தாள். அன்றிலிருந்து அந்தச் சத்தம் கேட்டாலே அவளும் கைவேலையை நிறுத்திவிடுவாள்.

அம்மா படுத்த படுக்கையானபோதும் தட்டுவது நிற்கவில்லை. மகள் போய் அணைத்துவிட்டு வந்தாள். ஒரு நாள் காலையில் அம்மா சொன்னாள்: "ஒரு நாளைக்குத் திருப்பித் தட்டணும்டி. பாவம், எத்தனை வருஷமா தட்டுறாரு மனுஷன்."

"இப்பவே தட்டலாம்மா. நான் பிடிச்சுக்கறேன், எழுந்திரு."

"இருடி, கொஞ்சம் தெம்பு வரட்டும். இவ்வளவு நாள் காத்திருந்தவருக்கு இப்ப என்ன அவசரம்?"

தெம்பு வரவில்லை.

அம்மா போன பிறகு, கீழே வந்து இருக்கச் சொல்லி மகள் அப்பாவைக் கூப்பிட்டாள். "கூப்பிட வேண்டியவ கூப்பிடலையே," என்று சொல்லிவிட்டு அவர் மாடிப்படி ஏறிவிட்டார்.

இன்றும் காலையில் மோட்டார் தானாக நிற்கிறது. பிறகு மேலே டங், டங், டங். மகள் கையில் கரண்டியோடு அடுப்படியில் நிற்கிறாள். குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தட்டிவிடலாம். ஆனால் அது அம்மா தர வேண்டிய பதில். அவள் போய்ச் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வருகிறாள்.