ஏஜாக்ஸிலிருந்து வந்த சம்பந்தம்

இரவிச்சந்திரனை மொன்றியலின் லாசாலில் யாரும் இரவிச்சந்திரன் என்று கூப்பிடுவதில்லை. முகத்துக்கு முன்னால் ரவி அண்ணை, முதுகுக்குப் பின்னால் சீ.ஐ.டி. ரவி. மனிதருக்கு அது தெரியாது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று இன்றுவரை துப்புத் துலக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

வேலை, காய்கறிக் களஞ்சியம் ஒன்றில். லொறியில் வந்து இறங்கும் பெட்டிகளைப் பார்த்து, எடுப்பதா திருப்பி அனுப்புவதா என்று சொல்ல வேண்டும். மேல்வரிசைத் தக்காளி பளபளவென்று சிரிக்கும். ரவி சிரிக்க மாட்டார், நேரே அடிவரிசைக்குக் கையை விடுவார். களஞ்சியத்தில் சம்பளம் வாங்கித் தந்த அந்தக் குணம் வீட்டுக்கும் கூடவே வந்து குடியேறிவிட்டது. பக்கத்து அப்பார்ட்மென்ட்காரன் பொன்ஜூர் என்று வணக்கம் சொல்லும்போது பல்லைக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால், இவனுக்கு என்னிடம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று இவர் யோசிப்பார். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பது மற்றவர்களுக்குப் பழமொழி, ரவிக்கு அது வேதம்.

இப்படிப்பட்ட மனிதர் நம்பிய ஒரே ஒரு பொருள் உண்டென்றால் அது ஃபெயநோர்ட். நெதர்லாந்தில் றொட்டர்டாம் நகரத்து உதைபந்தாட்டக் கழகம். இளந்தாரியாக அகதி அந்தஸ்துக் கேட்டு ரவி போய் இறங்கியது அந்த நகரத்தில்தான். கிழமை நாட்களில் பூ வளர்க்கும் கண்ணாடிக் கூடாரங்களில் பூக்கட்டு அடுக்குவார், ஞாயிறானால் மைதானத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவார். பிறகு அவருக்குக் கலியாணத்துக்கு ஜெகதீஸ்வரியைப் பேசினார்கள். அவர் மொன்றியலை விட்டு அசைய மாட்டேன் என்றார். ரவிதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். கலியாணம் ஒரு ஆம்பிளையை எங்கேயும் இழுத்துக்கொண்டு போகும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஃபெயநோர்ட்டை நம்பினார் என்றா சொன்னேன்? அதுவும் முழுச் சரியில்லை. ஹொலண்ட் கழகங்களால் இனி இங்கிலாந்துக்காரனோடும் இத்தாலிக்காரனோடும் ஸ்பெயின்காரனோடும் நின்று பிடிக்க முடியுமா என்பது அவருடைய வீட்டு ஹோலில் தீராத வழக்கு. முடியாது என்பது ரவியின் கட்சி. தன் கழகத்துக்கு எதிராகத் தானே வாதாடும் ரசிகரை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

முடியும் என்ற கட்சிக்கு ஆள் நிர்மல். சென்னைப் பையன். இங்கே படிக்க வந்து, ஐடி வேலையில் சேர்ந்து, ரவியின் ஊர்ப் பெண் பிரஷாந்தினியைக் காதலித்துக் கட்டியவன். இரண்டு கட்சிக்கும் நடுவில் உட்கார்ந்து கடலை கொறிப்பவன் ரதீசன். நகர பஸ் ஓட்டுகிறான். முப்பதை எட்டப் போகிறான், இன்னும் கலியாணமாகவில்லை. தாய் இந்திராதேவிக்கு ஒரே பிள்ளை.

இந்த மூவரையும் கட்டிப்போட்டது, ரவி பிறந்த ஊர்க்காரர் இங்கே வந்து நடத்தும் ஊர்ச் சங்கத்து அணி. ஒவ்வொரு கோடையிலும் டொராண்டோவில் ஊர்ச் சங்கங்களுக்கு இடையே உதைபந்தாட்டப் போட்டி நடக்கும். தகப்பன் ஊருக்கு விளையாடலாம், தாய் ஊருக்கு விளையாடலாம், கலியாணம் கட்டினால் மனைவியின் ஊருக்கும் விளையாடலாம். மூன்றாவது விதியைக் கூட்டத்தில் எழும்பி நின்று வாதாடி வாங்கியவரே ரவிதான். நிர்மலை கோல் காக்க வைக்க வேறு வழி இருக்கவில்லை. டொராண்டோச் சங்கங்களுக்கு ஆள்பலமும் பணபலமும் ஏராளம், மொன்றியலில் இருந்து போகும் இவர்களோ ஒரு வான் வண்டிக்குள் அடங்குகிறவர்கள். ஆனால் இவர்களிடம் ரதீசன் இருந்தான். போன வருடம் இறுதியாட்டம் வரை அணியைத் தன் இடது காலால் இழுத்துப் போனவன் அவன்தான். அணிக்குப் பொறுப்பாளரான ரவிக்கு அவன் தங்கம். தங்கம் வைத்திருப்பவனுக்கு நித்திரை வருமா?

இனி மிலான் ஆட்டத்துக்கு வருவோம். 2025 பெப்ரவரி, செவ்வாய்க்கிழமை மதியம், ரவி வீட்டு ஹோலில் டிவிக்கு முன்னால் மூவரும். ரவி அரைநாள் லீவு போட்டிருந்தார். ரதீசனுக்குக் காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் இடையில் ஓய்வு. நிர்மல் வீட்டிலிருந்து வேலை என்று பெயர் பண்ணிக்கொண்டு மடியில் லேப்டொப்பைத் திறந்து வைத்திருந்தான். விசயம் என்னவென்றால், ஃபெயநோர்ட் தன் முதன்மைக் கோலடிகாரனை அந்த மாதத் தொடக்கத்தில்தான் இத்தாலியின் மிலான் கழகத்துக்கு விற்றிருந்தது. கொஞ்ச நாளிலேயே சாம்பியன்ஸ் லீக்கில் அதே மிலானோடு மோத வேண்டி வந்தது. றொட்டர்டாமில் ஒரு கோலால் வென்றுவிட்டு இப்போது மிலானுக்குப் போயிருந்தார்கள். ஆட்டம் தொடங்கி முதல் நிமிடம் முடியவில்லை, விற்ற பிள்ளை வந்து பெற்ற வீட்டுக்கே கோல் அடித்தான்.

ரவி எழும்பிக் குசினிக்குப் போய் நின்றார். கவலைதான். ஆனால் அதற்குள்ளே ஒரு திருப்தியும் இருந்ததை மறைக்க முடியவில்லை. நான் சொன்னேனா இல்லையா என்ற திருப்தி. பிறகு நடந்தது வேறு. மிலானில் ஒருவனுக்குச் சிவப்பு அட்டை விழுந்தது, ஃபெயநோர்ட் ஒரு கோலைத் திருப்பிப் போட்டது, அடுத்த சுற்றுக்கும் போனது. நிர்மல் லேப்டொப் விழ எழும்பிக் குதித்தான்.

“பாத்தீங்களா அங்கிள், வித்துட்டும் ஜெயிச்சாங்க. வளக்கிறது, விக்கிறது, அந்தக் காசுல அடுத்தவன வளக்கிறது. அது தோல்வி இல்ல, அதான் அவங்க பொழைப்பு.”

ரவி விடவில்லை. அயாக்ஸ் கதையை எடுத்தார். 2019இல் அந்த ஆம்ஸ்டர்டாம் பெடியள் ஐரோப்பாவையே ஆட்டிவைத்து, அரையிறுதியின் கடைசி நொடியில் ஒரு கோல் வாங்கி இறுதியாட்ட வாய்ப்பைக் கோட்டைவிட்டார்கள். அந்த அணி இப்போது எங்கே? ஓராண்டு, ஈராண்டுக்குள் தேர் முடிந்த வீதி மாதிரி வெறிச்சோடிப் போகவில்லையா? ஹொலண்ட்காரன் ஒரு நாளைக்கு வெல்வான், ஒரு வருடத்துக்கு வெல்ல மாட்டான் என்றார். அடுத்த சுற்றில் இன்னொரு இத்தாலிக் கழகமான இன்டர் வந்து ஃபெயநோர்ட்டை இரண்டு ஆட்டத்திலும் மடக்கியபோது அவர் பேச்சு இன்னும் உறுதிப்பட்டது. எவன் நன்றாக விளையாடினாலும் அவனுக்கு எங்கிருந்தோ ஒரு போன் வரும். அந்தப் போன்தான் எதிரி என்று அவர் முடிவு கட்டினார்.

பனி கரைந்து ஏப்ரலும் வந்தது. இந்திராதேவி வாயெல்லாம் பல்லாக ரவி வீட்டுக் கதவைத் தட்டினார். ரதீசனுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது, சாதகம் நல்ல பொருத்தம். பெட்டை பெயர் சாம்பவி, மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறாள். இருவரும் போனில் கதைக்கவும் தொடங்கிவிட்டார்கள். மகன் பஸ் டிப்போவில் ஓய்வு நேரம் முழுக்கக் காதில் போனோடு நிற்கிறானாம்.

“எந்த இடம்?” என்றார் ரவி.

டொராண்டோவுக்குப் பக்கத்தில், ஏஜாக்ஸ்.

ஃபெயநோர்ட்காரனுக்கு அயாக்ஸ் என்றாலே ஆகாது. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் அந்த ஊருக்கும் அதே பெயர். அது வெறும் தற்செயல் என்று ரவிக்குத் தெரியும், தெரிந்தும் அதைக் கெட்ட சகுனமாகவே எடுத்துக்கொண்டார். அடுத்து வந்ததுதான் இடி. பெட்டையின் தகப்பன், போன வருடம் இறுதியாட்டத்தில் இவர்களை வென்ற சங்கத்தின் கமிட்டிக்காரர்.

ரவியின் மண்டைக்குள் விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தது. அந்த மனிதர் போன வருடம் ஆட்டம் முடிந்ததும் ரதீசனின் தோளில் தட்டவில்லையா? தண்ணீர்ப் போத்தல் கொடுக்கவில்லையா? முழங்கால் எப்படி, தம்பி என்று கேட்கவில்லையா? முழங்காலை விசாரிக்கிறவன் எதற்கு விசாரிக்கிறான்? ஆடு நனைகிறது என்று ஓநாய் எதற்கு அழுகிறது? மனைவியின் ஊருக்கு விளையாடலாம் என்ற விதியைப் பெற்றுக் கொடுத்த பாவி யார்? நான்தான்.

ஜெகதீஸ்வரியிடம் சொன்னார். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தவர், கையை எடுக்கவேயில்லை.

“உங்கடை பந்துக்காக ஆரும் பெத்த பிள்ளையைத் தூக்கிக் குடுப்பினமோ? விசர்க் கதை கதையாதையுங்கோ.”

ஜெகதீஸ்வரி இவ்வளவு கெதியாக ஏன் மறுக்கிறார் என்று அதையும் ஒருதரம் யோசித்துப் பார்த்தார் ரவி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ரதீசனிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் தன் எண்ணம் வெளியே தெரிந்துவிடும் என்று பயம். பயிற்சிக்கு வரும்போது அவன் விசிலடித்துக்கொண்டு வருவதை மட்டும் கண்ணுக்குள் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இப்படி மினுங்குகிறவன் நிச்சயம் போகப் போகிறான் என்று அவருக்குப் பட்டது.

மே மாதத்தில் அந்தப் போன் வந்தது. நம் ஆட்களின் வழக்கம் தெரியுமே. சாதகம் பொருந்தினாலும், பெடியனும் பெட்டையும் மணிக்கணக்காகக் கதைத்தாலும், கடைசியில் விசாரிப்பார்கள். பெடியன் இருக்கும் இடத்தில் நாலு பேருக்கு அடித்துக் கேட்பார்கள். யார் என்ன சொன்னார்கள் என்பதை விசாரிக்கிறவர் வெளியே விட மாட்டார், அது ஒரு கட்டுப்பாடு. கூப்பிட்டது பெட்டையின் தாய். மரியாதையான குரல். ரதீசன் உங்களோடுதான் கூடுதலாகப் பழகுகிறவர் என்று கேள்விப்பட்டோம், ஒரே பெட்டைப் பிள்ளை, அதுதான் கேட்கிறோம் என்றார்.

“பெடியன் எப்பிடி அண்ணை?”

ரதீசன் குடிக்க மாட்டான். வாய் காட்ட மாட்டான். தாயை ஒருநாளும் தனியே பனியில் நடக்க விட்டதில்லை. இதெல்லாம் ரவியின் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் தகப்பன்காரன் இருந்து ஸ்பீக்கரில் கேட்கிறானோ என்ற எண்ணமும் கூடவே வந்தது.

“பெடியன்...” என்று தொடங்கி நிறுத்தினார். அந்த நிறுத்தம் நீண்டது. “எனக்குத் தெரிஞ்சமட்டிலை நல்ல பெடியன்தான். எதுக்கும் நீங்கள் வேறை ஆரிட்டையும் ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ. நான் சொல்லி நாளைக்கு ஒண்டு வரப்படாது பாருங்கோ.”

தாய்க்கு அதுவே போதுமாக இருந்தது. பிறகு, விளங்குது அண்ணை என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்து வை என்பார்கள். ரவி ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு கலியாணத்தை நிறுத்தினார். பெட்டை வீட்டுக்காரர் திரும்பவும் சாதகம் பார்த்தார்களாம், செவ்வாய் சரியில்லையாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஏற்கெனவே பொருந்திய சாதகத்தில் செவ்வாய் எப்போது வந்து குந்தியது என்று கேட்க இந்திராதேவிக்கு வாய் வரவில்லை. ரதீசன் விசிலடிப்பதை விட்டான். பயிற்சிக்கு மட்டும் ஒழுங்காக வந்தான். தங்கம் தன் கையைவிட்டுப் போகவில்லை என்று ரவி கொஞ்ச நாள் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

ஓகஸ்டில் டொராண்டோவில் போட்டி. அரையிறுதியில் சந்தித்ததும் அதே சங்கத்தைத்தான். அன்று ரதீசன் விளையாடியதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடது கால் அவனுடையதாகவே இல்லை. வெறும் கோல் வாசலில் பந்தை வெளியே தட்டினான், மூன்று கோலால் தோற்றார்கள். பெட்டையின் தகப்பன் மைதான ஓரத்தில் நின்றார். ரதீசனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு அப்பால் போனார். அதையும் ரவி கண்டார். கண்டவுடன் என்ன நினைத்தார் தெரியுமா? இவர்கள் இரண்டு பேரும் ஏதோ பேசி வைத்துத்தான் ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். அட பாவி மனுசா!

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடம் ஒன்றில் வானை நிறுத்தினார்கள். வெயில் இன்னும் சாயவில்லை. நிர்மல் எல்லாருக்கும் கோப்பி வாங்க வரிசையில் போய் நின்றான். புல்வெளி மேசையில் ரவியும் ரதீசனும் மட்டும். ரவி மெல்லத் தூண்டில் போட்டார். இன்றைக்கு உனக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

ரதீசன் மறைக்கவில்லை. சாம்பவியின் தகப்பனைக் கண்டவுடன் எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்றான். செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை, மொன்றியலில் யாரோ தன்னைப் பற்றி ஒரு மாதிரிச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான் சாம்பவிக்கும் தெரியும், அவளின் தாய் அந்த ஆளின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று நிற்கிறார் என்றான். இப்போது பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொரு தமிழ் முகத்தையும் இவரோ, இவரோ என்று பார்க்கிறேன் என்றான்.

“அண்ணை, உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும். எனக்கென்னவோ நிர்மலிலைதான் சந்தேகம். அவர் வெளி ஆள். எங்கடை பழக்கவழக்கம் தெரியாமல் ஏதும் உளறியிருப்பாரோ?”

தூரத்தில் நிர்மல் இரண்டு கையிலும் கோப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தான். ரவி சும்மா இருந்திருந்தால் போதும். வாயே திறக்க வேண்டாம், ஒரு பெருமூச்சு விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்த பிறகு அவருக்கு அது முடியவில்லை.

“இல்லை. நிர்மல் இல்லை” என்றார்.

ரதீசன் நிமிர்ந்தான். இத்தனை வருடப் பழக்கத்தில் ரவி அண்ணை ஒருவரைக் காட்டி இவர் இல்லை என்று அடித்துச் சொன்னதை அவன் கேட்டதேயில்லை. யார் என்று தெரிந்தவரால்தானே யார் இல்லை என்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்?

“நீங்களோ அண்ணை?”

ரவியால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. “நீ அவையோடை டொராண்டோவுக்குப் போயிடுவாய் எண்டு நினைச்சன்” என்றார். தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

ரதீசன் சத்தம் போடவில்லை. நிர்மல் வந்து வைத்த கோப்பியைத் தொடவுமில்லை.

“நான் எங்கை அண்ணை போறன், அம்மாவை விட்டிட்டு? அவள்தான் இஞ்சை வாறதா இருந்தவள். லாசாலிலை உங்கடை தெருவிலைதான் வீடு பாத்துக்கொண்டிருந்தனாங்கள்.”