சவரம் செய்யாத கூடு

ஊரில் அவளுக்குத் தாடை அக்கா என்று பேர். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு வந்து உட்காருகிறவர் பெரிய அதிகாரியோ பள்ளிக்கூடப் பிள்ளையோ, "தாடையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க" என்றுதான் அவள் ஆரம்பிப்பாள். நிமிர்த்தாதவர்களின் தாடையை எழுந்து வந்து ஒற்றை விரலால் தானே நிமிர்த்திவிட்டுப் போவாள். ஐம்பதைத் தாண்டியவள். குட்டையான உடம்பு, கோபம் மூக்கு நுனியில். கணவருக்குக் கப்பலில் சமையல் வேலை. வருஷத்தில் பாதி நாள் அவர் கடலில் இருப்பார். மீதிப் பாதியில் அவர் வீட்டில் இருந்தால் இவள் சேற்றில் இருப்பாள்.

ஸ்டுடியோ அப்பா வைத்தது. அப்பா போன பிறகு அது தம்பிக்கு என்று குடும்பம் கூடி முடிவு செய்தது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படம் எடுப்பது, முகத்துப் பருவை அழிப்பது, பின்னணியை வெள்ளையாக்குவது எல்லாம் அவள். கல்லாவில் உட்கார்ந்து கைபேசியை நோண்டுவது தம்பி. பலகையில் இருப்பதும் தம்பி பேர்தான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள். ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நிமிர்ந்து அந்தப் பலகையைப் பார்க்காமல் உள்ளே போனதே கிடையாது, பார்க்கும்போதெல்லாம் வலிக்கவும் செய்தது.

பறவைப் பைத்தியம் பிடித்ததும் இந்தத் தொழிலால்தான். ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் பண்ணுகிற குட்டைகள் ஊருக்கு வெளியே இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கப் போனவள், பம்பு அறை ஜன்னல் வழியாகப் பவளக்கால் உள்ளானைப் பார்த்தாள். சேற்றில் இரண்டு சிவப்புக் குச்சிகளைச் செருகி, மேலே கறுப்பு வெள்ளையில் ஒரு பறவையை உட்கார வைத்த மாதிரி இருந்தது. இருக்கிற முகத்தை இல்லாத முகமாக்கித் தரச் சொல்கிறவர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவளுக்கு, தன் முகத்தைப் பற்றிக் கவலையே இல்லாத ஒரு ஜீவனைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. பழைய லென்ஸ் ஒன்றை வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடையைச் சாய்த்துப் பிடித்து, அதன் மறைவில் குட்டைக் கரையில் குந்தியிருக்க ஆரம்பித்தாள்.

அக்கா செய்வதைத் தம்பி விட்டுவைப்பானா? அவனும் லென்ஸ் வாங்கினான். அவனுடையது முழங்கை நீளத்துக்கு இருந்தது. ஊரில் இருக்கிற படப்பிடிப்புச் சங்கத்தில் சேர்ந்து, வந்த வேகத்தில் செயலாளரும் ஆகிவிட்டான். அந்தச் சங்கத்துக்குப் பல் டாக்டர் ஒருவர் தலைவர். அவர்களுக்குள் சவரம் என்று ஒரு வழக்கம் உண்டு. உள்ளான் மேட்டு மண்ணில், புல் புதரின் நடுவில் முட்டையிடும். படம் எடுத்தால் முகத்துக்குக் குறுக்கே ஒரு புல்லாவது விழுந்தே தீரும். குறுக்கே புல் விழுந்த படம் போட்டிக்கு ஆகாது. அதனால் காலையில் போய்க் கூட்டுக்கு முன்னால் இருக்கிற புல்லை ஒட்ட அறுத்துவிட்டு வந்து உட்காருவார்கள். அதுதான் சவரம். ஏதோ மாப்பிள்ளையை ஜோடிக்கிற மாதிரி அதைப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

போன வருஷம் தம்பி ஒரு கூட்டுக்குச் சவரம் செய்தான். படம் அற்புதமாக வந்தது, மறுக்க முடியாது. முட்டை, சிவந்த கண், பவளக் கால், எல்லாம் துல்லியம். பரிசும் கிடைத்தது. சவரம் செய்த அன்றைக்குச் சாயங்காலம் அக்கா அங்கே தற்செயலாகப் போனாள். மறைப்பு இல்லாத கூட்டைக் காக்கைகள் கண்டுவிட்டிருந்தன. தாய்ப் பறவை உடைந்த ஓட்டுக்குப் பக்கத்தில் நின்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கேமராவைத் திறக்கவே இல்லை. கரையில் உட்கார்ந்து அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தாள். பரிசுப் படம் சட்டம் போட்டு ஸ்டுடியோச் சுவரில் ஏறியது. பார்க்கிறவர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

இந்த வருஷம் கடைசிக் குட்டையில் ஒரு கூடு இருப்பதை அவள் கண்டுபிடித்தாள். மண் நிறத்தில், மை தெளித்த மாதிரி புள்ளி போட்ட நாலு முட்டைகள். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாத்தன. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் கேமராவின் கார்டைக் கடைக் கணினியிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது தம்பி படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் குட்டை என்று அவன் கேட்கக்கூட இல்லை. பின்னால் தெரிந்த பம்பு அறையே காட்டிக் கொடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து போட்டி நடுவர் வருகிறார், அவரை அங்கேதான் கூட்டிப்போகப் போகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். சனிக்கிழமை பூராவும் அவள் சொல்லிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காக்கை எப்படியும் தின்னத்தான் போகிறது, நான் அறுக்காவிட்டால் இன்னொருத்தன் அறுப்பான் என்றான்.

சரி, பேச்சு போதும் என்று அவள் முடிவு கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிகிற நேரத்துக்குக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போனாள். கரையிலிருந்து கூட்டு மேட்டுக்குப் போக ஒரே ஒரு வரப்புதான். இரண்டு பக்கமும் முழங்கால் புதையும் சேறு, அதுவும் எந்தச் சேறு என்று சொல்ல வேண்டியதில்லை. வரப்பு தொடங்குகிற இடத்தில், பறவை எழுந்து பறக்காத தூரத்தில், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் கேமரா. உள்ளான் ஒருமுறை கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லுக்குள் அமுங்கிக்கொண்டது.

சங்கத்துக்காரர்கள் காரை நிறுத்திவிட்டு வந்தார்கள். முன்னால் தம்பி, கையில் புது அரிவாள். பின்னால் பல் டாக்டரும் நடுவரும், அதற்குப் பின்னால் கேமரா முக்காலிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மற்றவர்கள். அக்காவைப் பார்த்ததும் தம்பியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அக்கா, எழுந்திரு. பெரியவங்க வந்திருக்காங்க. மானத்த வாங்காத."

"நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன். உன் மானத்த நான் என்னடா பண்ணேன்?"

"நாலு புல்லுக்கா. ஒரு வாரத்துல திரும்ப முளைச்சிடும்."

"முட்டை முளைக்குமா?"

பல் டாக்டர் குறுக்கே வந்து, ஒரு புல்லுக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா அம்மா என்று, பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் பேசுகிற இனிப்பான குரலில் கேட்டார். ஆமாம், புல்லுக்காகத்தான் என்றாள். வேண்டுமானால் சேற்றில் இறங்கிச் சுற்றிப் போகலாம், நான் தடுக்கவில்லை என்றும் சொன்னாள். அவர் தன் வெள்ளை ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

தம்பி வரப்பில் ஏறினான். அவளைத் தாண்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தான் போலிருக்கிறது. அவள் எழுந்திருக்கவில்லை. கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். பறவையை நோக்கி அல்ல, அவனை நோக்கி.

"அரிவாளை இன்னும் கொஞ்சம் மேல தூக்கு. ம். தாடையை நிமிர்த்துடா."

கிளிக் என்ற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அரிவாள் தானாக அவன் முதுகுக்குப் பின்னால் போயிற்று. அவள் விடவில்லை. அப்படியே பின்னால் நின்ற டாக்டரை ஒன்று, நடுவரை ஒன்று எடுத்தாள். நடுவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெளிச்சம் சரியில்லை, இன்னொரு இடத்துக்குப் போகலாமே என்றார். வெளிச்சம் தங்கமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் காருக்குத் திரும்பினார்கள். தம்பி மட்டும் நின்று, நாளையிலிருந்து கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு தொழில் இல்லை. ஆனாலும் ஸ்டூலை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

சங்கத்தின் கைபேசிக் குழுவில் அவளும் இருந்தாள், அன்றைக்கே நீக்கிவிட்டார்கள். கடைக்கும் போகவில்லை. தினமும் விடியற்காலையில் குட்டைக்குப் போய்க் குடை மறைவில் உட்கார்ந்தாள். தம்பி கேமராவைக் கையில் எடுத்ததன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. ஒருவருக்குப் படத்தில் காது வெட்டுப்பட்டது, இன்னொருவர் கண்ணை மூடிய படத்தோடு பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டுத் திரும்பி வந்தார். தாடை அக்கா எங்கே என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. கடைசியில் தம்பி பெண்டாட்டிதான் போன் செய்தாள். அவருக்குக் கோபம் தணிந்துவிட்டது, வந்துவிடுங்கள் அண்ணி என்றாள். அவர் கோபம் தணிந்தது இருக்கட்டும், இங்கே முட்டை இன்னும் பொரியவில்லை, பொரிந்த பிறகு வருகிறேன் என்று போனை வைத்தாள்.

முட்டை பொரிந்தது. நாலும் பொரிந்தது. பஞ்சு உருண்டைக்கு நீளக் கால் முளைத்த மாதிரி குஞ்சுகள் புல்லிலிருந்து இறங்கித் தண்ணீர் ஓரத்தில் ஓடின. அவள் நன்றாகப் பார்க்கலாம் என்று ஓரடி முன்னால் வைத்தாள். அவ்வளவுதான். தாயும் தகப்பனுமாக அவள் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து கத்தின. யாருக்காகத் தம்பியைப் பகைத்தாளோ அவர்களே விரட்டுகிறார்கள். குடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே கரைக்கு ஓடி வந்தாள். இத்தனை சந்தோஷமாக அவள் யாரிடமும் வசை வாங்கியதில்லை.

மறுநாள் கடைக்குப் போனாள். தம்பி கல்லாவில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் ஸ்டூலில் ஏறிப் பரிசுப் படத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாள். அந்த ஆணியில், தான் சட்டம் போட்டுக் கொண்டுவந்த படத்தை மாட்டினாள். அவன் எழுந்து வந்து பார்த்தான். அரிவாளோடு தன்னை எடுத்த படமாக இருக்கும் என்று பயந்துகொண்டே வந்தவனுக்குக் குழப்பமாகிவிட்டது. படம் முழுக்கப் புல்தான்.

"என்னக்கா இது? ஒண்ணுமே தெரியலையே."

"தெரியக் கூடாதுன்னுதான்டா அது அங்க உக்காந்திருந்துச்சு."

அவன் படத்துக்கு இன்னும் பக்கத்தில் போனான். வெகுநேரம் தேடிய பிறகு புல்லிடுக்கில் சிவந்த ஒரு கண் அவனை நேராகப் பார்ப்பது தெரிந்தது. யார் கடையில் யார் படத்தைக் கழற்றுவது என்று கேட்க நினைத்து வந்தவன், கேட்கத்தான் செய்தான், ஆனால் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"இதைக் கழட்டுறதுன்னா என்னையும் சேர்த்துக் கழட்டிக்கோ" என்றாள் அக்கா.

வாசலில் பாஸ்போர்ட் படத்துக்கு ஆள் வந்து நின்றார். தம்பி நகர்ந்து வழிவிட்டான். படம் சுவரிலேயே இருந்தது.