குளத்துக்காரர் பார்த்த மஞ்சள்

அந்த நீச்சல் குளத்துக்குத் தண்ணீர் நிரப்புவது, மருந்து போடுவது, பாசி தேய்ப்பது எல்லாம் அவர் ஒருவர் தலையில்தான். குளத்துக்காரர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். பெண்கள் உடை மாற்றும் அறையைக் கழுவுவது அவர் மனைவி. ஒரே இடத்தில் வேலை என்றுதான் பேர். பகலில் நின்று நாலு வார்த்தை பேச நேரம் வாய்க்காது.

குளம் திறக்கும் முன் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மொண்டு, சில சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மஞ்சளானால் அமிலம் கூடியிருக்கிறது, சலவைச் சோடா போட வேண்டும். ரோஸ் ஆனால் காரம் கூடியிருக்கிறது, அமிலம் ஊற்ற வேண்டும். அமில-கார அளவைச் சொல்லும் pH எண் ஏழுக்குச் சற்று மேலே, ஆரஞ்சும் சிவப்புமாக நின்றால் சரி. ஏழுக்கும் எட்டுக்கும் ஓர் எண்தானே என்று விட முடியாது. அந்த ஓர் எண்ணுக்குள் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கிறது.

அந்த வருடம் குழாய் தினமும் மஞ்சளாகவே தெரிந்தது. மூட்டை மூட்டையாகச் சோடாவைத் தூக்கிக் கரைத்தார். முதுகு விட்டுப்போனது. தண்ணீரோ பால் கலந்ததுபோல் வெளுத்தது. குளோரினைக் கூட்டியும் பலனில்லை. காரம் ஏறிய தண்ணீரில் குளோரின் சோம்பிப் படுத்துவிடும். அது அவருக்கும் தெரியும். ஆனால் காரம் ஏறியதாகக் குழாய் காட்டவில்லையே.

குளிக்க வந்த பெண்கள் கண் எரிகிறது, தோல் அரிக்கிறது என்று மனைவியிடம் முறையிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும் மனுஷனிடம் இதையும் சொல்வானேன் என்று அவள் விழுங்கிக்கொண்டாள்.

ஒரு காலையில் அவரால் குனியவே முடியவில்லை. சோடா மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு மனைவியைக் குழாயில் தண்ணீர் மொண்டு மருந்துச் சொட்டு விடச் சொன்னார்.

"மஞ்சளாத்தானே இருக்கு?"

"மஞ்சளா? நல்ல ரோஸுங்க இது."

விளையாடுகிறாள் என்று அவருக்கு எரிச்சல் வந்தது. குழாயைப் பிடுங்கிப் பார்த்தார். மஞ்சளேதான். அவள் அவர் கண்களை உற்றுப் பார்த்தாள்.

"நான் என்ன கலர் சேலை கட்டியிருக்கேன், சொல்லுங்க."

"பழுப்பு."

அவள் கட்டியிருந்தது ஊதா. அவள் சிரிக்கவில்லை. பக்கத்து மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலை போய்விடும், யாரிடமும் சொல்லாதே என்று அவர் கெஞ்சினார். அவள் நேரே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மேலாளர் திட்டவில்லை, குளத்தைச் சில நாள் மூடினார், எண்ணை நேராகக் காட்டும் கருவி ஒன்று வாங்கித் தந்தார். அவள் எண்ணைப் படிக்க, இவர் அமிலத்தைச் சிறுகச் சிறுகத் தண்ணீரில் ஊற்றினார். எட்டுக்குமேல் நின்ற எண் மெல்ல இறங்கியது. அடித்தரை தெரிய ஆரம்பித்தது.

கண் மருத்துவர் கண்ணில் புரை, அதுதான் எல்லாவற்றிலும் மஞ்சள் பூசிக் காட்டியிருக்கிறது என்றார். ஒரு கண்ணுக்கு அறுவை முடிந்தது. மற்றது பிறகு என்றார்கள். ஓய்வு முடிந்து வந்த அன்று குளக்கரையில் வெகுநேரம் நின்றார்.

"இவ்வளவு நீலமாவா இருந்துச்சு?"

"ஆமா. வாங்க, திறக்க நேரமாச்சு" என்றாள் அவள்.

இடுப்பில் கை ஊன்றியபடி வாசலுக்கு நடந்தார்.