ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாப் போவும்

அறுபதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தது இது. அப்போது பம்பாய் தாராவியில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தோம். என் கணவர் குர்லாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். தலைவலி, வாந்தி என்று தொடங்கியது, கடைசியில் மூளையில் கட்டி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. ஒரு பகுதியைத்தான் எடுக்க முடிந்தது, மிச்சத்தைத் தொட்டால் ஆபத்து என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். மனிதர் மனசு உடைந்துபோவாரே என்று நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவர் வேறு ஆளாக இருந்தார். வலது கை சொன்னபடி கேட்கவில்லை. சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட வேண்டும். திடீரென்று அழுவார். அடுத்த நிமிஷமே ரசம் ஆறிவிட்டது என்று கத்துவார். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

இதில் பார்க்க வருகிற கூட்டம் வேறு. ஊர்க்காரர்கள் ஆளுக்கு நாலு மோசம்பியோடு வந்துவிடுவார்கள். சாத்துக்குடிக்கு அங்கே அதுதான் பெயர். அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு, "அண்ணாச்சி சாப்பிடுதாரா? தூங்குதாரா?" என்று என்னிடம் கேட்பார்கள். என்னவோ அவர் வெளியூர் போயிருப்பது போல! கிளம்பும்போது மட்டும் அவர் தோளைத் தட்டி, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, எல்லாம் சரியாப் போவும்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதைச் சொல்வதில் நானும் சளைத்தவள் இல்லை. தலை வலிக்கிறது என்றால் ஒண்ணுமில்ல. கண் மங்குகிறது என்றால் ஒண்ணுமில்ல. பயமாக இருக்கிறது என்று வாயெடுத்தாலே ஒண்ணுமில்ல. நாலு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் மத்தியானம் சோறு ஊட்டப் போனேன். ஏதோ சொல்ல வந்தார். வழக்கம்போல என் வாய் முந்திக்கொண்டது. தட்டைத் தள்ளிவிட்டார், சோறெல்லாம் தரையில்.

"ஏட்டி, ஒண்ணுமில்லன்னா எதுக்குட்டி என் மண்டையத் திறந்தானுவ?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. நானும் மனுஷிதானே? "பின்னே என்ன சொல்லச் சொல்லுதீய? ஒப்பாரி வைக்கவா?" என்று கத்தினேன்.

"வையி! பயமா இருக்குன்னு சொன்னா ஒரு ஆளாவது காது குடுத்துக் கேக்கீயளா? எல்லாருஞ் சேந்து என் வாயத்தான் அடைக்கீய."

சுருக்கென்றது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன்.

சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"தெரியும்ட்டி. அதைத்தான தெனமும் உன் மூஞ்சில பாக்கேன்" என்றார். சிந்திய சோற்றுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம்.

அதற்குப் பிறகு அவர் சாந்தமாகிவிட்டார் என்று சொன்னால் அது பொய். கத்தினார், நானும் எரிந்து விழுந்தேன். ஆனால் பயம் வந்தால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். மேலும் பத்து மாதம் இருந்தார். கட்டி என் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முதல் நாலு மாதம், ஒரே அறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவரைத் தன்னந்தனியாகப் பயப்பட விட்டேனே, அதற்கு மட்டும் இன்றுவரை என்னையே என்னால் மன்னிக்க முடியவில்லை.