தேவசகாயம் சார் காத்த நாற்காலி

பேராசிரியர் தேவசகாயம் காலமானார் என்ற செய்தி, கரியாஹாட் சந்தையில் நான் சேனைக்கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. டாக்குரியா ஏரிக்கரையில் காலை நடைக்குப் போனவர் பெஞ்சில் உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் இருந்தது. கடைக்காரர் கிழங்கை வெட்டி நிறுத்து நீட்டுகிறார், எனக்குக் கை நீளவில்லை. அதற்குள் செய்திக்குக் கீழே கும்பிடு பொம்மைகள் வரிசை கட்டிவிட்டன. “இறைவனின் நிழலில் இளைப்பாறுகிறார்” என்று ஒருவர் எழுதினார். “மரணத்துக்குப் பின் ஒன்றுமில்லை என்று உறுதியாக நம்பிய பகுத்தறிவாளருக்கு வீரவணக்கம்” என்று இன்னொருவர் எழுதினார். உடல் இன்னும் வீடு வந்து சேரவில்லை. அதற்குள் அவர் எங்கே போனார் என்பது இவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அழுகைக்கு முன்னால் எனக்கு அருவருப்புதான் வந்தது. இதை எழுதும் இன்றைக்கும் அது போகவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் பிறந்தவர். பவானிபூரில் எங்கள் கல்லூரியின் தத்துவத் துறையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். பழைய கிரேக்கத்தின் ஐயவாதிகளைப் பற்றி நடத்துவார். எதைக் குறித்தும் ‘இதுதான் உண்மை’ என்று தீர்ப்புச் சொல்லாமல், தீர்ப்பை நிறுத்திவைத்துவிட்டுத் தேடிக்கொண்டே இருந்த கூட்டம் அது. நானும் அதே துறைதான். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவோடு சிறுமியாக இந்த வங்காள ஊருக்கு வந்தவள். துறையில் தமிழ் பேச நாங்கள் இருவர்தான் இருந்தோம். வங்காளிகளுக்கு அவர் சகாய்தா, சகாய் அண்ணன். எனக்கு சார். நான் அவர்களுக்கு சாரதாதி, சாரதா அக்கா.

வேலையில் சேர்ந்த அன்று, கேன்டீன் சாப்பாடு நன்றாக இருக்குமா என்று அவரிடம் கேட்டேன். “எனக்கு நல்லாருக்க மாதிரி தோணுது. ஒங்களுக்கு எப்படித் தோணும்னு எனக்குத் தெரியாதேம்மா” என்றார். நல்ல ஆளிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். குளிர்காலத்தில் புதுவெல்லத்துச் சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்து துறை முழுக்க விநியோகிப்பார். “இனிக்குதுன்னு தோணுது, அதை நான் மறுக்கல. இனிப்பு இதோட குணமா, என் நாக்கோட குணமான்னு கேட்டா, இன்னொண்ணு குடுங்க, தின்னு பாத்துச் சொல்லுதேன்” என்பார். ஐயவாதிகள் தேனை வைத்துச் சொன்னதைத்தான் அவர் சந்தேஷை வைத்துச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. தோன்றுவதை அவர்கள் மறுக்கவில்லை. பசித்தால் சாப்பிட்டார்கள், ஊர் வழக்கப்படி நடந்தார்கள், கற்ற தொழிலைச் செய்தார்கள். தோன்றுவதற்கு அப்பால் உள்ளதைப் பற்றி மட்டும் சத்தியம் செய்ய மறுத்தார்கள்.

வகுப்பில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. இன்று எந்தப் பக்கம் நின்று வாதாடுகிறாயோ, அடுத்த வகுப்பில் அதற்கு எதிர்ப்பக்கம் நின்று அதே சூட்டோடு வாதாட வேண்டும். ஏதென்ஸிலிருந்து ரோமுக்குத் தூது போன ஒரு ஐயவாதி, முதல் நாள் நீதியைப் போற்றிப் பேசி, மறுநாள் அதே கூட்டத்தில் நீதியைப் பிய்த்துப் போட்டாராம். ரோமானியப் பெரியவர்கள் பயந்துபோய் அவரைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். வாதாடுவதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம் எங்கள் வங்காளப் பிள்ளைகளுக்கு. அவர்களே இரண்டாம் வகுப்பில் திணறிப்போவார்கள். அந்த ஐயவாதப் பள்ளியின் முதல் ஆசான் அலெக்சாந்தரின் படையோடு இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்த துறவிகளைப் பார்த்துவிட்டுப் போனவர் என்பதில் சாருக்குத் தனிக் குஷி. “தெரியாதுன்னு சொல்ல அந்த மனுசன் நம்ம ஊர்லதான் கத்துக்கிட்டாருன்னு சொல்லுதாங்க. உண்மையோ என்னவோ. உண்மைன்னா நாம மொத்தத்தையும் ஏத்துமதி பண்ணிட்டோம், வீட்டுக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கல” என்பார்.

ஐயவாதிகளின் ஏடுகள் ஐரோப்பாவில் நெடுங்காலம் தூங்கிக் கிடந்தன. மதத்தின் பேரால் மனிதர்கள் ஒருவரையொருவர் எரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் விழித்து அச்சேறின. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த காலம் அது என்பார் சார். அதன்பின் ஒரு பிரெஞ்சுக்காரர் எல்லாவற்றையும் சந்தேகித்து, சந்தேகிக்கிற தன்னை மட்டும் சந்தேகிக்க முடியாதென்று கண்டு, அதன்மேல் அறிவின் முழுக் கட்டடத்தையும் எழுப்பினார். ஒரு ஸ்காட்லாந்துக்காரர், நெருப்பு சுடும் என்பதுகூட நம் பழக்கம்தானே என்று கேட்டுத் தானே மிரண்டு, நண்பர்களோடு ஆட்டமாடப் போய்விட்டார். அந்தக் கேள்வி ஒரு ஜெர்மானியரின் தூக்கத்தைக் கலைக்க, அவர் அறிவுக்கே எல்லைக்கல் நட்டார். இப்படி எல்லாரையும் அடுக்கிவிட்டு சார் முடிப்பார்: “பின்னாடி வந்தவங்கள்ல பாதிப்பேரு சந்தேகத்தை செருப்பு மாதிரி போட்டு நடந்து வந்து, வீட்டு வாசல்ல கழத்திப் போட்டுட்டு உள்ள போயிட்டாங்க. அந்தப் பழைய ஆளுங்க மட்டுந்தாம்மா கழத்தவே இல்ல.”

அவரும் கழற்றவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தது சுப்ரியா விவகாரத்தில்.

சுப்ரியா எங்கள் துறையில் பகுதிநேர விரிவுரையாளராக இருந்த பெண். ஒரு தேர்வின் வினாத்தாள் முன்கூட்டியே மாணவர்களின் போன்களில் சுற்றியது. அது சுப்ரியாவின் போனிலிருந்து போனது என்று யாரோ சொன்னார்கள். சாட்சி என்று காட்டப்பட்டது ஒரு போன் திரையின் மங்கலான படம். அதை வைத்துக்கொண்டு ஆசிரியர் கூட்டம் கூடியது. எங்கள் துறைத்தலைவர் முதலில் எழுந்து, “எனக்குச் சந்தேகமே இல்லை, இவள்தான்” என்றார். நான் எழுந்து, அவள் குற்றமற்றவள் என்று கத்தினேன். கை தூக்கச் சொன்னார்கள். நீக்க வேண்டும் என்று காடு மாதிரி கைகள் எழுந்தன. வேண்டாம் என்று நானும் வேறு சிலரும் தூக்கினோம். சார் எதற்கும் தூக்கவில்லை. “எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியும்வரை அந்தப் பெண் இங்கேயே வேலை பார்க்கட்டும்” என்றார். “கிரேக்கச் சரக்கை வகுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள் சகாய்தா, இது நிர்வாகம்” என்றார் துறைத்தலைவர். கூட்டம் சிரித்தது. சுப்ரியா அன்றே நீக்கப்பட்டாள்.

அன்று மாலை மெட்ரோ நிலையம்வரை சாரோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன்.

“அவ பண்ணலைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்திடுமா சார்?”

“அவ பண்ணலைன்னு ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“அந்த முகத்தைப் பார்த்தாலே தெரியலையா?”

“அவரும் மொகத்தப் பாத்துத்தான் அவதான்னு சொல்லுதாரு. ரெண்டு பேரும் ஒரே மொகத்தத்தானே பாத்திருக்கீங்க.”

“அப்போ கையைக் கட்டிண்டு உக்காந்திருக்கணுமா?”

“யாரு சொன்னா? தீர்ப்ப நிறுத்திவச்சவனுக்குத்தாம்மா சோலி அதிகம். தீர்ப்புச் சொன்னவன் வீட்டுக்குப் போயி தூங்கிருவான்.”

ஐயவாதிகள்மேல் ஆதிமுதல் சொல்லப்படும் பழி, எதையும் நம்பாதவன் எதையும் செய்யமாட்டான் என்பது. அதற்கு சார் சொன்ன பதில் மறுநாள் ஆசிரியர் அறையில் இருந்தது. அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் சுப்ரியா உட்காரும் பிரம்பு நாற்காலியின்மேல் தன் கறுப்புக் குடையை வைத்திருந்தார். புதிதாக வந்தவர்கள் அதை இழுக்கப் போனால், “அங்க ஆள் இருக்கு” என்று வங்காள மொழியில் மரியாதையாகச் சொல்வார். மழைநாளிலும் குடையை எடுக்கமாட்டார், நனைந்துகொண்டு போவார். அடம்பிடித்த கிழவர் என்று சிரித்தார்கள். துணை முதல்வர் பதவி அவருக்குத்தான் வரவேண்டியது, வரவில்லை. அவளுக்காகப் போராடிய எங்கள் தரப்பும் அவரைச் சும்மா விடவில்லை. குற்றமற்றவள் என்று சொல்லக்கூடத் துணிவில்லாத மனிதர் என்று ஆசிரியர் சங்கத்தார் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சார் சந்தேஷ் பெட்டியை அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

சனிக்கிழமைதோறும் டாக்குரியாவில் சுப்ரியாவின் வீட்டுக்குப் போவார். அவள் பாதியில் விட்டிருந்த ஆய்வை இருவரும் உட்கார்ந்து படிப்பார்கள். விசாரணைக் குழு தேநீர் குடித்துத் தேநீர் குடித்து, எதுவும் நிரூபணமாகவில்லை என்று எழுதிவிட்டுக் கலைந்தது. அவளைத் திரும்பச் சேர்க்கவில்லை. வேறு கல்லூரிகளும் சேர்க்கவில்லை. அவள் வீட்டில் டியூஷன் எடுத்துப் பிழைத்தாள்.

போன ஆண்டு இன்னொரு வினாத்தாள் வெளியானது. அவள் இல்லாதபோதே வெளியாகிவிட்டதால், அன்றும் அவள் செய்திருக்க முடியாது என்று எல்லாரும் ஒரே மூச்சில் கட்சி மாறினார்கள். நான் துள்ளிக்கொண்டு சாரிடம் ஓடினேன். “இத யாரு செஞ்சான்னே இன்னும் தெரியல. அத யாரு செஞ்சான்னு இது எப்படிம்மா சொல்லும்? அவளத் திருப்பிக் கூப்பிடச் சொல்லுங்க, அது போதும்” என்றார். குடை இருந்த இடத்திலேயே இருந்தது. அவளை யாரும் கூப்பிடவில்லை.

இனி இரங்கல் கூட்டம். மேடையில் மாலை போட்ட அவருடைய படத்தை வைக்க ஓர் உயரமான இருக்கை தேடியிருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் ‘சும்மா கிடந்த’ பிரம்பு நாற்காலியைத் தூக்கி வந்து, அதன்மேல் அவரையே சார்த்திவைத்திருந்தார்கள். குடையைத் தேடினேன். மேடைக்குப் பின்னால் துடைப்பங்களோடு நின்றது. துறைத்தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசினார்: “சுப்ரியா நிரபராதி என்று சகாய்தாவுக்கு முதல் நாளே தெரியும். எங்கள் எல்லாருக்கும் மனத்துக்குள் தெரியும். அவர் மட்டும் உரக்கச் சொன்னார்.” கைதட்டினார்கள். அன்று ‘இவள்தான்’ என்ற அதே வாய், அதே கம்பீரம். இடையில் ஒரே ஒரு நொடிகூடத் ‘தெரியாது’ என்ற வார்த்தை அந்த வாய்க்குள் நுழையவில்லை. எச்சில் இலையைத் திருப்பிப் போட்டு அதிலேயே விருந்து வைக்கிறார்கள், செத்தவருக்கு.

திரும்பிப் பார்த்தால் வாசலில் சுப்ரியா நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது. எழுந்து அவளிடம் போனேன்.

“சாரதாதி, உண்மையைச் சொல்லுங்க. சகாய்தா அப்படிச் சொன்னாரா? என்னை நம்பினாரா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் அடிபட்ட பெண்ணுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு ஆறுதல். நாக்கு நுனிவரை வந்தது.

“இல்லை சுப்ரியா. கடைசிவரைக்கும் தெரியாதுன்னுதான் சொன்னார். உன்னைத் திரும்பக் கூப்பிடணும்னு சொன்னார். அவ்வளவுதான்.”

அவள் சுவரில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

“பயந்தே போயிட்டேன். அவரும் தெரியும்னு சொல்லிட்டாரோன்னு. பார்க்கிற எல்லாரும் நீ செஞ்சியான்னு கேட்டாங்க, இல்லேன்னா நீ செய்யலைன்னு எனக்குத் தெரியும்னாங்க. அவர் ஒரு நாள்கூட ரெண்டையும் சொல்லலை. கதவைத் தட்டி, போன வாரம் எந்தப் பக்கத்துல நிறுத்தினோம்னு கேட்பார். எல்லாருக்கும் நான் ஒரு கேஸ், சாரதாதி. அவருக்கு மட்டும் நான் ஒரு ஆளா இருந்தேன்.”

அவளைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனேன். நாற்காலியிலிருந்த படத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். “என்ன செய்கிறீர்கள்?” என்று துறைத்தலைவர் ஒலிபெருக்கியிலேயே கேட்டார். “இதுக்கு ஆள் வந்தாச்சு” என்றேன். சுப்ரியா உட்கார்ந்தாள். எவரும் கைதட்டவில்லை.

குடையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், சார். அவளை வேலைக்குக் கூப்பிடும்வரை அந்த நாற்காலியின்மேல் தினமும் அதைக் கொண்டுபோய் வைப்பேன். நீங்கள் இறைவனிடம் போனீர்கள் என்கிறார்கள் ஒரு சாரார், ஒன்றுமில்லாமல் போனீர்கள் என்கிறார்கள் இன்னொரு சாரார். எங்கே போனீர்கள் என்று எனக்குத் தெரியாது. போய்வாருங்கள்.