நான் சொன்ன நாள்

நான்கு முறை சினை ஊசி போட்டும் அக்காவின் பசுவுக்குச் சினை நிற்கவில்லை. அத்தான் செத்த பிறகு பாலையூற்றில் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தப் பசுவின் பாலில்தான். பாலும் வற்றி, கன்றும் இல்லையென்றால் சும்மா நிற்கிற மாட்டுக்குத் தீன் போட அவளால் ஏலாது. இறைச்சிக்கு மாடு வாங்குகிறவர் வேலிக்கு வெளியே நின்று இரண்டு தடவை விசாரித்துவிட்டுப் போயிருந்தார்.

அப்போதுதான் மாட்டு டொக்டர் ஒரு வழி சொன்னார். நல்ல பசு ஒன்றின் கருவை எடுத்து உறைய வைத்திருக்கிறார்களாம், அதை இதன் கருப்பையில் வைத்துப் பார்க்கலாமாம். பசு வேட்கைக்கு வரும் நாளை மட்டும் சரியாகச் சொல்ல வேண்டும். அதிலிருந்து ஏழாம் நாள் வைத்தால்தான் ஒட்டும்.

அந்தக் கிழமை பார்த்துக் கந்தளாயில் அக்காவின் மகளுக்குப் பிள்ளைப்பேறு; அக்கா அங்கே போய்விட்டாள். தீனும் தண்ணீரும் வைக்கப் பக்கத்து வீட்டார் ஒத்துக்கொண்டார்கள். காலையும் மாலையும் போய் வேட்கை பார்ப்பது மட்டும் என் பொறுப்பு. ஒரு பசுவின் பின்புறத்தைப் பார்ப்பது பெரிய வேலையா என்று நினைத்தேன். இரண்டு நாள் கூட்டாளிகளோடு துறைமுகப் பக்கம் சுற்றினேன். கொட்டில் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை போனால், வேட்கையில் வடியும் வழும்பு வாலில் காய்ந்து ஒட்டியிருந்தது. வேட்கை வந்து போய்விட்டது. எப்போது என்று பசுவுக்குத்தான் தெரியும். டொக்டருக்கு ஃபோன் எடுத்து, நேற்றுக் காலை என்றேன்.

சொன்ன கணக்குக்கு ஏழாம் நாள் அவர் வந்தார். அக்காவும் கந்தளாயிலிருந்து வந்துவிட்டாள். அவர் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார்.

"வேட்கை கொஞ்சம் முந்தியே வந்த மாதிரிக் கிடக்கு. நாள் பிழையெண்டா சொல்லுங்கோ, அடுத்த முறைக்கு வைப்பம்."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"நாள் சரிதான். நானே பாத்தனான்," என்றேன்.

கரு ஒட்டவில்லை. கருப்பையில்தான் குறை, இனி இந்த மாட்டோடு மினக்கெட்டுப் பயனில்லை என்றார் டொக்டர். நான் சொன்ன நாளை நம்பித்தான் அப்படிச் சொன்னார். அப்போதாவது வாயைத் திறந்திருந்தால் பசுவுக்கு இன்னொரு தவணை கிடைத்திருக்கும். எனக்கு என் மானம் பெரிதாகப் போய்விட்டது. மண்ணாங்கட்டி மானம்.

இறைச்சிக்காரர் லொறியோடு வந்தார். பசு ஏற மறுத்தது. அக்கா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்னால் நின்று தள்ளி ஏற்றியவன் நான்தான்.

இப்போது அக்கா நகரத்தில் ஒரு கடையைக் கூட்டித் துடைக்கிறாள். போன ஞாயிறு அவள் வீட்டில் சாப்பிடும்போது, வந்திருந்த ஒருத்தி பசுவைப் பற்றிக் கேட்டாள்.

"மாட்டிலதான் குறை," என்றாள் அக்கா. "என்ர தம்பி கண்ணில எண்ணெய் விட்டுப் பாத்தவன்."

சொல்லிக்கொண்டே எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். நான் அதையும் சாப்பிட்டேன்.