சூடம் காட்டிய நாள்

சிம்மக்கல்லில் காசிமாயனின் பேட்டரிக் கடைக்குப் பீடியோடு வருகிறவன் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஒருமுறை போலீஸ்காரரையே விரட்டியிருக்கிறான். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து கிளம்பும் வாயு கண்ணுக்குத் தெரியாது, ஒரு பொறி பட்டால் வெடிக்கும் என்று கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொல்லுவான். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுவான். அவ்வளவு சூதானமான ஆள்.

ஆனால் பீடி நெருப்புதான் அவனுக்கு நெருப்பு. சாமிக்குக் காட்டும் சூடத்தை அவன் அந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை. வருடா வருடம் ஆயுதபூஜைக்கு முதல் நாளே சார்ஜரை நிறுத்திவிடுவான். பயந்து அல்ல, மிஷினுக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா என்றுதான்.

எண்பத்திரண்டாம் வருடம் பூஜையன்று காலையில் பரவை ஊரில் மைக்செட் வாடகைக்கு விடும் உக்கிரபாண்டி நாலு பேட்டரியோடு வந்து நின்றார்.

"அண்ணே, சாயங்காலம் சாமி ஊர்வலம். நாலும் செத்துக் கெடக்கு. இன்னைக்கு மட்டும் ஏத்திக் குடுங்கண்ணே."

சாமி காரியத்துக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? காசிமாயன் மூடிகளைக் கழற்றி வயரை மாட்டினான். மத்தியானம் மனைவி மாயக்காள் பொரி, கடலையோடு வந்தாள். காற்றில் சூடம் இரண்டு தடவை அணைந்தது. அவன் போய் ஜன்னலையும் கதவையும் சாத்தினான்.

"ஏ புள்ள, இந்த நாலுக்கும் சேத்துக் காட்டு."

அவள் குங்குமம் வைத்துவிட்டு, எரிகிற சூடத் தட்டைத் தாழ்த்தினாள். பட்டாசு போல ஒரு சத்தம். பேட்டரி பிளந்து ஆசிட் அவள் முகத்தில் அடித்தது.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ பால் ஊற்றச் சொன்னார்கள். காசிமாயன் காதில் வாங்கவில்லை. அவள் இமைகளை விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். தொட்டி வற்றிய பிறகுதான் ஆட்டோவில் ஏற்றினான். அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் மூன்று விரலை நீட்டினார். வலது கண்ணுக்கு மூன்று விரலும் தெரிந்தன. இடது கண்ணுக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

"தண்ணி ஊத்தாம வந்திருந்தா ரெண்டுமே போயிருக்கும்" என்றார் டாக்டர். "ஆமா, எப்படிங்க வெடிச்சது?"

காசிமாயன் வாயைத் திறந்தான். அதற்குள் மாயக்காள் சொல்லிவிட்டாள். "அவுக வெளிய போயிருந்தாக. நான்தான் வெவரந்தெரியாம உள்ள போயிச் சூடத்தக் கொளுத்திப்புட்டேன்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, படிக்காத பொம்பளைகளைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார். காசிமாயன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"நெசத்தச் சொன்னா, நாளப்பின்ன உங்களை நம்பி எவன் பேட்டரி குடுப்பான்? யாரு கேட்டாலும் இப்படியே சொல்லுங்க."

கூடாது என்று சொல்லத்தான் நினைத்தான். தலை தானாகச் சரியென்று ஆடியது. அவளுக்குக் கண் தெரிகிற வலது பக்கம் நின்றிருந்தான். அவன் ஆட்டியதை அவள் பார்த்துவிட்டாள்.